உதை ஓய்ந்த பின் வரும் நேரம்: சண்டை விளையாட்டுகளின் சுழலுதையும் தற்காப்புக் கலையும்

1. கேள்வி

வெள்ளைச் சீருடை அணிந்த கராத்தே வீரன் தரையிலிருந்து எழும்புகிறான். ஒரு காலை மடக்கி, மறுகாலை இடுப்பளவு உயரத்தில் நீட்டி, உடலைச் சுழற்றியபடியே எதிராளியை நோக்கிக் காற்றில் நேர்கோட்டில் நகர்கிறான். கணிசமான தூரம் கடந்த பிறகே அவன் கால் தரையைத் தொடுகிறது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் தகாஷி நிஷியாமாவின் இயக்கத்தில் 1987இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆர்கேட் விளையாட்டில் இந்த உதை முதன்முதலில் தோன்றியது. பெயர் தாத்சுமாகி சென்புக்யாகு. ஆங்கிலம் வழி அறிந்தவர்கள் ஹரிக்கேன் கிக் என்பார்கள். ரியூ, கென் என்ற இரு வீரர்களுக்கும் அன்று அளிக்கப்பட்ட சிறப்பு அடிகள் மூன்று. உள்ளங்கையிலிருந்து புறப்படும் ஆற்றல் பந்தான ஹடோக்கென், மேல்நோக்கி எழும் குத்தான ஷோர்யுக்கென், இந்தச் சுழலுதை. 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' மூன்றையும் உலகெங்கும் கொண்டு சேர்த்தது. 2023இல் வந்த ஆறாம் பாகத்திலும் இவை நீடிக்கின்றன.

இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட உதையில் தற்காப்புக் கலை என்று சொல்லத்தக்கது ஏதேனும் எஞ்சியிருக்கிறதா? இருந்தால், அது எங்கே இருக்கிறது? கராத்தே பள்ளியின் வாசலையே மிதிக்காத பலருக்கு அக்கலையோடு ஏற்பட்ட முதல் அறிமுகம் இந்த உதைதான். கேலிச்சித்திரம் என்று ஒதுக்கிவிட்டால், அந்த அறிமுகத்தில் அவர்கள் பெற்றது என்ன என்பது விளங்காமலே போகும்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இவ்வகை உதைகளைப் பற்றிய பேச்சு இரண்டு திசைகளில் செல்கிறது. முதலாவது, காட்சியை முன்வைப்பது. தற்காப்புக் கலைஞர்கள் 'இப்படி எவராலும் உதைக்க முடியாது' என்று குறை கூறுவதும், ரசிகர்கள் 'இது எந்தக் கலையிலிருந்து, எந்தத் திரைப்படத்திலிருந்து வந்தது' என்று மூலம் தேடுவதும் ஒரே திசைதான். உதையின் பொருள் கண்ணுக்குத் தெரிவதில் அடங்கியிருக்கிறது என்று இரு சாராரும் கொள்கிறார்கள்.

இரண்டாவது, விதிகளை முன்வைப்பது. நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் எஸ்பென் ஆர்செத் 2004இல் எழுதிய கட்டுரையொன்றில், 'டூம் ரைடர்' நாயகி லாரா கிராஃப்டின் உடலமைப்பு ஓர் ஆட்டக்காரராகத் தமக்குப் பொருட்டே அல்ல என்று வாதிட்டார். சதுரங்கக் குதிரைக்குப் பதில் ஒரு கூழாங்கல்லை வைத்தாலும் ஆட்டம் மாறுவதில்லை என்ற பழைய வாதத்தின் தொடர்ச்சி இது. இதன்படி ரியூவின் கால் வெறும் ஒப்பனை. அடியில் இருப்பது எண்கள். டென்மார்க்கின் யெஸ்பர் யூல், 'ஹாஃப்-ரியல்' என்ற தம் 2005ஆம் ஆண்டு நூலில் நடுவழி ஒன்றைக் கண்டார். விளையாட்டின் விதிகள் மெய்யானவை, அதன் உலகம் கற்பனை, இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பது அவர் முடிவு.

யூலின் பகுப்பு பயனுள்ளது. ஆனால் அதை இந்த உதைக்கு அப்படியே பொருத்தினால் தற்காப்புக் கலை முழுவதும் கற்பனை உலகத்தின் பக்கம் போய்விடும். விதிகளின் பக்கம் வெறும் கணக்கு மிஞ்சும். நான் கொள்ளும் நிலை இதற்கு நேர்மாறானது. சுழலுதையின் காட்சியில் தற்காப்புக் கலை மிகக் குறைவு. அக்கலை குடியிருப்பது விதிகளுக்குள்ளே, குறிப்பாக, உதை முடிந்த பிறகு ஆட்டக்காரர் செயலற்று நிற்க வேண்டிய நேரத்தில்.

3. உடலால் ஆகாதது

முதலில் காட்சியை எடைபோடுவோம். சுழன்று உதைப்பது மெய்யான கலைகளில் உண்டு. சீன வூஷூவில் உடல் காற்றில் சுழல, பாதம் எதிர்க்கையின் உள்ளங்கையில் அறையும் உதை இருக்கிறது. கொரிய டேக்வாண்டோவில் தோல்கே சாகி எனும் சுழலுதை உண்டு. பிரேசிலின் கபோய்ராவில் கையைத் தரையில் ஊன்றி உடலைத் திருப்பி வீசும் உதைகள் பல. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: சுழற்சி தரையில் பிறந்தாக வேண்டும். கால் தரையை விட்டபின் வெளியிலிருந்து திருப்புவிசை கிடைப்பதற்கு வழியில்லை. தரையில் ஊன்றிய பாதமும் இடுப்பும் தோளும் முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்த சுழற்சியை மட்டுமே உடல் காற்றில் செலவழிக்க முடியும். கையையும் காலையும் உடலோடு ஒடுக்கினால் அது வேகமாகச் சுழலும். காலை நீட்டினால் வேகம் குறையும். அதனால்தான் தேர்ந்த வீரர்கள் சுழலும்போது ஒடுங்கியிருந்து, கடைசிக் கணத்தில் மட்டும் காலை விரிக்கிறார்கள்.

நேரமும் கைகொடுப்பதில்லை. உடலின் எடைமையத்தை 60 செ.மீ. உயர்த்தும் அளவுக்குத் தாவக்கூடியவர் நல்ல விளையாட்டு வீரர். அவர்கூடக் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.7 நொடிதான். அதற்குள் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். ஒரே உயரத்தில் மிதக்க இடமே இல்லை. ரியூவோ காலை முழுதாக நீட்டியபடியே பல சுற்றுகள் சுழல்கிறார், உயரம் குறையாமல் முன்னே செல்கிறார். இயற்பியல் விதிகளில் இரண்டை ஒரே நேரத்தில் அவர் மீறுகிறார்.

திரைப்படக் கம்பி வித்தையிலிருந்து இது வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சூய் ஹார்க் இயக்கி ஜெட் லீ நடித்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா' படத்தில் வோங் ஃபெய்-ஹுங்கின் நிழலற்ற உதை கிடைமட்டமாகப் பறந்து வருவது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் படம் 1991இல் வந்தது. சுழலுதை ஆர்கேட் திரையில் அதற்கு நான்காண்டு முந்தியது. கம்பியில் கட்டிப் பறக்கவிடும் ஹாங்காங் வழக்கம் இரண்டுக்கும் மூத்தது என்பது உண்மைதான். பொதுவான ஒரு காட்சி மரபிலிருந்து இரண்டும் கிளைத்திருக்கலாம் என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல இந்த ஒற்றுமை போதாது. காட்சியைப் பொறுத்தவரை குறை கூறுவோர் பக்கமே நியாயம் இருக்கிறது. இப்படி எவராலும் உதைக்க முடியாது.

4. ஃபிரேம்களுக்குள் இருக்கும் சண்டை

சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃபிரேம்களாக ஓடுகின்றன. ஒவ்வோர் அடியும் மூன்று கட்டங்களாகப் பிரிந்திருக்கும். அடி கிளம்புவதற்கு முன் கழியும் ஃபிரேம்கள் தொடக்கம். எதிராளியைத் தொட்டால் காயப்படுத்தும் ஃபிரேம்கள் தாக்கம். அதன்பின் வீரர் இயல்பு நிலைக்குத் திரும்பும் வரை எதுவும் செய்ய முடியாமல் கழியும் ஃபிரேம்கள் மீட்சி. திரையில் தெரியும் காலுக்கும் கைக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத செவ்வகங்கள் விரிக்கப்பட்டிருக்கும். தாக்கும் செவ்வகம் ஹிட்பாக்ஸ்; அடி வாங்கும் செவ்வகம் ஹர்ட்பாக்ஸ். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அடி பட்டது என்று கணினி தீர்மானிக்கும்.

சுழலுதையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் குணம் மாறித் தெரிகிறது. கீழே ஊர்ந்து வரும் ஹடோக்கெனுக்கு மேலாக அதைக் கடந்து செல்ல இது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் உதவுகிறது. தொலைவிலிருந்தே எறிந்துகொண்டிருப்பவருக்கு எதிரான பதில் இது. அதே வேளையில், பல பதிப்புகளில் குனிந்திருக்கும் எதிராளியின் தலைக்கு மேலே பயனின்றிச் சுழன்று போகிறது. அப்படிப் போனால் உதைத்தவர் எதிராளியின் அருகிலேயே, தற்காத்துக்கொள்ள வழியின்றித் தரையிறங்குகிறார். காத்திருந்தவர் தமக்குத் தெரிந்த மிகக் கடுமையான அடித்தொடரை அந்த இடைவெளியில் வைக்கிறார். உதையைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. அழுத்திய கணத்திலேயே விலை ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

இந்த விலையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். எந்த மெய்யான சண்டைக் கலையிலும் உதை என்பது ஒரு பந்தயம். குத்துவதற்கு இரு பாதங்களும் தரையில் இருக்கலாம். உதைப்பவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். சுழன்று உதைப்பவர் ஒரு கணம் எதிராளிக்கு முதுகையும் காட்டுகிறார். பட்டால் பெரிது, படாவிட்டால் திரும்பி வரும்வரை உடல் திறந்து கிடக்கும். இதை உணர்ந்த ஆசான்கள் உதையின் அழகைவிட, உதைத்த கால் எங்கே வந்து இறங்குகிறது என்பதையே உற்றுப் பார்ப்பார்கள்.

இதற்கு ஒரு வலுவான புறச்சான்று கராத்தே விளையாட்டு விதிகளிலேயே இருக்கிறது. உலகக் கராத்தே கூட்டமைப்பு நெடுங்காலம் கையாண்டுவந்த மதிப்பீட்டு முறையில், ஓர் அடிக்குப் புள்ளி கிடைக்க ஆறு தகுதிகள் வேண்டும்: நல்ல வடிவம், விளையாட்டுப் பண்பு, வீரியம், அடித்த பின்னும் குலையாத விழிப்பு, சரியான நேரம், சரியான தூரம். விழிப்பு என்பதை ஜப்பானியர் ஸான்ஷின் என்பார்கள். ஜப்பானிய வாட்கலையான கெண்டோவில் இது இல்லையென்றால் பட்ட அடியும் செல்லாது. இந்த ஆறையும் சுழலுதைக்கு வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகப் பிரிகிறது. வடிவம் முற்றிலும் தோற்கிறது. பண்பு ஆட்டக்காரரைப் பொறுத்தது. வீரியம் வெறும் எண். மற்ற மூன்றும், அதாவது நேரம், தூரம், அடித்த பிறகான நிலை ஆகியவை, விதிகளாகவே எழுதப்பட்டு ஒவ்வொரு முறையும் தவறாமல் தண்டிக்கின்றன, பரிசளிக்கின்றன. ஒரு மாணவர் தம் ஆசானிடம் மாதக்கணக்கில் கேட்டும் உணராத தூரத்தின் அருமையை, ஆர்கேட் எந்திரம் ஒரே மாலையில் உணர்த்திவிடும்.

காணும் ஆற்றலின் எல்லையும் இங்கே சேர்கிறது. கண்ணால் கண்டு கையால் பதில் செய்ய மனிதருக்குப் பொதுவாகக் கால் நொடி அளவு ஆகும். ஃபிரேம் கணக்கில் சுமார் 15. பல அடிகளின் தொடக்கம் அதைவிடக் குறுகியது. பார்த்தபின் தடுக்க முடியாது என்றால், எதிராளி என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் நிற்கும் தொலைவிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் முன்கூட்டியே படிக்க வேண்டும். நேருக்கு நேர் நிற்கும் இரு கராத்தே வீரர்களும் இதே நெருக்கடியில்தான் இருக்கிறார்கள்.

5. கையின் நிலை

விதிகளில் இன்னொரு பகுதி உண்டு. ஆய்வாளர்கள் அதை அதிகம் பொருட்படுத்துவதில்லை. அது கட்டளை. சுழலுதைக்கு ஜாய்ஸ்டிக்கைக் கீழே அழுத்தி, அங்கிருந்து கால்வட்டமாகப் பின்னுக்கு உருட்டி, உதைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஹடோக்கெனின் முன்னோக்கிய கால்வட்டத்துக்கு இது நேர் எதிர். இந்த விளையாட்டுகளில் பின்னுக்குச் சாய்ப்பதே தற்காப்பு. எனவே முன்னே பாயும் உதை, தற்காப்பின் திசையிலிருந்து கிளம்புகிறது. வடிவமைப்பாளர்கள் இதை வேண்டுமென்றே செய்தார்கள் என்று வாதிட எனக்குத் துணிவில்லை. இரு அடிகளுக்கும் எதிரெதிரான அசைவு தேவைப்பட்டது என்பதே போதிய காரணம். விளைவு மட்டும் மறுக்க முடியாதது.

கைல் என்ற அமெரிக்கப் படைவீரரின் உதையில் இந்த உறவு இன்னும் ஆழமாகிறது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் அறிமுகமான அவர் பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்தபடி காலால் ஒரு பிறைவடிவ வீச்சை எழுப்புவார். மேலேயிருந்து தாவி வருபவரை வீழ்த்துவதில் அதற்கு இணை குறைவு. அதைச் செய்ய, ஜாய்ஸ்டிக்கை ஏறத்தாழ ஒரு நொடி கீழே அழுத்தி வைத்திருந்து, பின் சட்டென மேலே தள்ளி உதைப் பொத்தானைத் தட்ட வேண்டும். கீழே அழுத்தினால் கைல் குந்துவார். கீழ்ப்பின்னாக அழுத்தினால் குந்தியபடியே தற்காப்பார். ஆக, உதையைச் சேமித்துவைப்பதும் தற்காப்பதும் ஒரே நிலை.

இதிலிருந்து கிளைப்பவற்றைப் பாருங்கள். கைல் குந்தியிருந்தால் உதை தயார் என்பது எதிராளிக்குத் தெரியும்; தாவ அஞ்சுவார். கைல் எழுந்து முன்னே நடந்தால் சேமிப்பு கரைந்துவிடும். அதுவும் எதிராளிக்குத் தெரியும். அதுவே தாவ ஏற்ற நேரம். ஒரு வீரரின் நிலையைப் பார்த்து அவரிடம் என்ன ஆயுதம் மிச்சமிருக்கிறது என்று படிப்பது தற்காப்புக் கலையின் அரிச்சுவடி. எந்தக் காலில் எடை இருக்கிறது, எந்த இடுப்பு பின்வாங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்கும் கண் அது. கட்டளை விதி ஒன்றின் வழியாக அந்தக் கண் இங்கே ஆட்டக்காரருக்குக் கைவருகிறது. குட்டிக்கரண உதை உடலளவில் எவ்வளவு நம்பமுடியாததோ, அந்த அளவுக்கு அதன் காத்திருப்பு நம்பத்தக்கது.

சீன வீராங்கனை சுன்-லியின் நூறுதையான ஹ்யாகுரெத்சுக்யாகு வேறு வகை. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் அதற்கு உதைப் பொத்தானை விடாமல் படபடவென்று தட்ட வேண்டும். திரையில் கால் துடிக்கும் வேகத்துக்கு விரலும் துடித்தாக வேண்டும். மூன்று உதைகள், மூன்று விதமான கை. ஒன்று உருள்கிறது, ஒன்று காத்திருக்கிறது, ஒன்று உழைக்கிறது. கூழாங்கல் வாதம் இங்கே தடுமாறுகிறது. காட்சியை மாற்றினாலும் இந்தக் கைகள் மாறா. கையை மாற்றினால் ஆட்டமே வேறாகிவிடும்.

6. பொமோனா, 2004

இந்த வாதத்தைச் சோதிக்க ஏற்ற நிகழ்வு, 2004இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டி. ஆட்டம் 1999இல் வெளியான 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்'. ஜப்பானின் டைகோ உமெஹாரா கென்னையும், அமெரிக்காவின் ஜஸ்டின் வோங் சுன்-லியையும் ஆடினர். டைகோவின் உயிர்க்கோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. சாதாரணமாகத் தடுத்தால்கூடச் சிறப்பு அடிகள் சிறிது காயம் ஏற்படுத்தும். அந்தச் சிறிது காயமே அவரை முடிக்கப் போதும். வோங் தமது பெரும் உதைத்தொடரான ஹோயோகுசெனை ஏவினார். அதில் 15 அடிகள்.

இந்த விளையாட்டில் பாரி என்றொரு விதி உண்டு. அடி வந்து படும் கணத்தில் ஜாய்ஸ்டிக்கை எதிராளியை நோக்கித் தட்டினால் காயமே இல்லாமல் அடி விலகும். பிந்தினாலும் முந்தினாலும் அடி முழுதாக இறங்கும். டைகோ 15 உதைகளையும் ஒவ்வொன்றாக விலக்கினார். கடைசி உதையைத் தாவியெழுந்து காற்றிலேயே விலக்கினார். பின் தம் தொடரைத் தொடங்கி, கென்னின் பெரும் உதையான ஷிப்பு ஜின்ராய்க்யாகுவால் முடித்தார். இறுதிப் போட்டியில் அவர் சக ஜப்பானியரான கெஞ்சி ஒபாடாவிடம் தோற்றார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். நினைவில் நின்றது அந்தச் சில நொடிகள்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது முதல் உதை. அது கிளம்பியதைக் கண்டபின் செயல்பட்டால் நேரம் போதாது. வோங் அதை ஏவத்தான் போகிறார் என்று டைகோ முன்பே கணித்துத் தட்டியிருக்க வேண்டும். மீதிப் பதினான்கையும் தாளமாக மனத்தில் வைத்திருந்தார். வரும் உதையை நோக்கிப் பின்வாங்காமல் முன்னே தட்டுவது என்ற விதியின் துணிவும் கவனிக்கத்தக்கது. அரங்கத்தில் இருந்தவர்கள் எழுந்து கத்தியபோது திரையில் இருந்தது இயற்பியலுக்கு ஒவ்வாத உதைகள். அவர்கள் அடையாளம் கண்டுகொண்டது எதிராளியைப் படித்த ஒரு மனத்தை. அதைத் தற்காப்புக் கலை என்று அழைக்க நான் தயங்கவில்லை.

7. எதிர்வாதங்கள்

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வலியும் களைப்பும் அச்சமும் இல்லாத இடத்தில் எந்தத் தற்காப்புக் கலை? ஆட்டத்தின் முதல் சுழலுதையும் நூறாவது சுழலுதையும் ஒன்றே. மெய்யான உடலில் அப்படி இல்லை. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். நேரமும் தூரமும் கலையின் ஒரு பகுதிதான். விளையாட்டு அந்தப் பகுதியைத் தனியே பிரித்தெடுத்துத் தூய்மையாகக் காட்டுகிறது. பிரித்தெடுத்தது முழுமை ஆகாது.

இன்னொரு மறுப்பு, காட்சியை மெய்யாக்கினால் கலை இன்னும் கூடுமே என்பது. நாம்கோ நிறுவனத்தின் 'டெக்கன் 3' 1997இல் இதைச் செய்துபார்த்தது. கபோய்ரா வீரர் எடி கோர்டோவின் அசைவுகள், மார்செலோ பெரெய்ரா என்ற கபோய்ரா ஆசானின் உடலிலிருந்து பதிவு செய்யப்பட்டவை. டேக்வாண்டோ வீரர் ஹ்வாராங்குக்கு ஹ்வாங் சு-இல் என்ற கொரிய வல்லுநர் அசைவு தந்தார். அந்த அசைவுகளின் அழகு இன்றும் குறையவில்லை. ஆயினும், எதைத் தட்டுகிறோம் என்று அறியாமல் உதைப் பொத்தான்களை மாறிமாறி அடிக்கும் புதியவருக்கும் கைகொடுப்பவர் என்று எடி பெயர் வாங்கினார். கபோய்ராவின் உயிர் வட்டத்தில் நிற்கும் இருவரின் கேள்வி பதிலில் இருக்கிறது. படம் ஆசானுடையது, உரையாடலை விதிகள்தான் தர வேண்டியிருந்தது, புதியவர் கையில் அது கிடைக்கவில்லை.

மெய்யான விளையாட்டு எண்களால் தீண்டப்படாதது என்ற எண்ணமும் ஆய்வுக்கு நிற்காது. ஒலிம்பிக் டேக்வாண்டோவில் 2012 லண்டன் முதல் மார்புக் கவசத்திலும் காலுறையிலும் மின்னணு உணரிகள் பொருத்தப்படுகின்றன. 2016 ரியோவில் தலைக்கவசமும் சேர்ந்தது. 2018இல் வந்த விதிப்படி உடலில் படும் சாதாரண உதைக்கு 2 புள்ளி, தலைக்கு 3; சுழன்று உதைத்தால் முறையே 4, 5. உணரியைத் தொட்டால் போதும் என்றானதும், முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாள்போல் நீட்டி நீட்டித் தொடும் ஆட்டமுறை பரவியது, ரசிகர்கள் சலித்தார்கள். சுழலுதைக்குக் கூடுதல் புள்ளி, ஆபத்தான உதையை ஏற்கும் துணிவுக்குத் தரப்படும் ஊதியம். ஆபத்துக்கும் பலனுக்கும் விகிதம் வகுக்கும் இதே வேலையைத்தான் விளையாட்டு வடிவமைப்பாளரும் ஃபிரேம்களைக் கொண்டு செய்கிறார்.

8. கட்டளை நீங்கியபோது

2023 ஜூனில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6', மாடர்ன் என்ற புதிய கட்டுப்பாட்டு முறையைக் கொண்டுவந்தது. இதில் கால்வட்டம் உருட்டத் தேவையில்லை. ஒரு திசையும் ஒரு பொத்தானும் சேர்ந்தால் சிறப்பு அடி கிளம்பிவிடும். அப்படிச் செய்யும் அடிக்குக் காயம் 20 விழுக்காடு குறைவு. பழைய ஆட்டக்காரர்களில் பலர் எதிர்த்தார்கள். கைப்பயிற்சி வீணாகிறது என்றார்கள்.

எதிர்ப்பு எல்லா அடிகள்மீதும் ஒரே அளவில் எழவில்லை என்பதே இங்கு ஆய்வுக்குரியது. தாவி வருபவரை ஒரே தட்டில் வீழ்த்தும் ஷோர்யுக்கென் பெரும் சர்ச்சை ஆனது. அங்கே கை உருளும் நேரமே தாவுபவருக்குக் கிடைத்துவந்த அவகாசம், அது பறிபோனது. சுழலுதை பற்றி அவ்வளவு கூக்குரல் இல்லை. எளிதாக ஏவினாலும் குனிந்தவர் தலைக்கு மேலே அது வீணாகும். இறங்கும் இடத்தில் அடி காத்திருக்கும். அதன் விலை தொடக்கத்தில் இருந்ததே இல்லை, மீட்சியில் இருந்தது. மீட்சியை எந்தக் கட்டுப்பாட்டு முறையும் தொடவில்லை.

கைலின் உதையிலும் விரல் வேலை குறைந்தது. ஆனால் கீழே அழுத்திக் காத்திருக்கும் விதியை வடிவமைப்பாளர்கள் எடுக்கவில்லை. எளிய முறையில் ஆடுபவரும் குந்தியிருந்துதான் அந்த உதையைச் சேமிக்க வேண்டும், எழுந்து நடந்தால் இழக்க வேண்டும், அதை எதிராளியின் கண்முன்னேதான் செய்ய வேண்டும்.